தராசும் தபால் கார்டும்
பினாகா கீத்மாலாவும் மக்கள் தந்த தீர்ப்பும்

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல சமணமும் தமிழும் பற்றி ஏதாவது எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கினேன். காரணம், 2024 பிப்ரவரி 20-ஆம் தேதி மும்பையில் அமீன் சயானி காலமானார் என்ற செய்தியைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளிமாநிலத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தி சொல்லிக்கொடுத்த முதல் வாத்தியார் அவர். அவரை நினைத்தபோது, அவரோடு சேர்த்து ஐம்பது வருஷமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் நினைவுக்கு வந்தது. அதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

அரசன் தீர்ப்பும் தெருவின் தீர்ப்பும்

இசையில் சிறந்தது எது என்று தீர்ப்பு சொல்வது யார்? நம் நாட்டில் இது பழைய கேள்வி. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு முழுக் காதையையே இதற்குக் கொடுத்திருக்கிறார். மாதவி ஆடினாள், சோழன் பார்த்தான், தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் கொடுத்தான். அரசன் ஒருவன் கண்ணும் காதும் போதும், தீர்ப்பு முடிந்தது. அடுத்த காரியமாக அந்தப் பொன் மதிப்பையே விலையாக வைத்து, மாலையைக் கூனி கையில் கொடுத்துத் தெருவில் நிற்க வைத்தார்கள். அரண்மனையில் கிடைத்த மதிப்பு கடைத்தெருவில் விலையாகிவிட்டது. வியாபாரியான எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு வரும்.

அரசன் இடத்தில் மக்கள் உட்கார்ந்து, வாரா வாரம், வருஷா வருஷம் பாட்டுக்குத் தீர்ப்பு சொன்ன காலம் ஒன்று நம் வாழ்நாளிலேயே இருந்தது. அதன் பெயர்தான் பினாகா கீத்மாலா.

சிலோனுக்குப் போன இந்திப் பாட்டு

இந்தியாவின் பாட்டு ஏன் கொழும்பிலிருந்து ஒலித்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கியாக வேண்டும். 1952 முதல் 1962 வரை மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி. வி. கேஸ்கர். சாஸ்திரீய சங்கீதத்தில் பற்றுள்ளவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு நேரம் குறைந்தது, சலித்தெடுப்பு வந்தது. படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும் என்று அதையும் சொல்லாமல் விட்டார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். கொஞ்ச காலம் அரசு வானொலியில் சினிமாப் பாட்டே இல்லை என்ற நிலைமை.

அதே சமயம் கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில், இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைவீரர்களுக்காக அமைத்த வலுவான சிற்றலைக் கருவிகள் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தன. ரேடியோ சிலோன் தன் வர்த்தக சேவையை 1950-ல் தொடங்கியது. அதன் தமிழ்ப் பிரிவில் மயில்வாகனன் பேசினால் தமிழ்நாடு முழுக்கக் காது கொடுத்தது; இந்திப் பிரிவு வட இந்தியா முழுக்கக் கேட்டது. இங்கே அடைத்த கதவு அங்கே திறந்திருந்தது. சரக்குக்கு ஒரு சந்தையில் தடை போட்டால் அது அடுத்த சந்தைக்குப் போய்விடும். இதை எந்த வியாபாரியைக் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

சீபா கம்பெனியின் பினாகா பற்பசை விளம்பரம் கொடுக்க, 1952 டிசம்பர் 3, புதன்கிழமை கீத்மாலா ஆரம்பமானது. அமீன் சயானிக்கு அப்போது 20 வயதுகூட நிறையவில்லை. வாரச் சம்பளம் 25 ரூபாய் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பம்பாயில் பதிவு செய்த நிகழ்ச்சி கொழும்புக்குப் போய், அங்கிருந்து அலைவழியாகத் திரும்ப நம் வீட்டுக்கு வந்தது.

அவருடைய இந்தி ஏன் நமக்கெல்லாம் புரிந்தது? அவர் தாயார் குல்சும் சயானி காந்தியடிகளின் வழியில் நின்று, புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்காக ‘ரஹ்பர்’ என்று ஓர் இதழ் நடத்தியவர். ஒரே எளிய பேச்சு மொழியை நாகரி, உருது, குஜராத்தி என மூன்று எழுத்திலும் அச்சடித்தார்கள். சிறு வயதில் அந்த வேலையில் கூட இருந்த பையன் பின்னாளில் மைக் முன்னால் பேசினால் சமஸ்கிருதமும் பாரசீகமும் கலந்து மிரட்டுமா? ‘பெஹனோ அவுர் பாயியோ’ என்று சகோதரிகளை முன்னால் வைத்து அவர் கூப்பிட்டால், அடுப்படியில் இருந்த எங்கம்மாவுக்குக்கூடத் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்தது.

அளக்கும் வழி மூன்று

இனி விஷயத்துக்கு வருகிறேன். கீத்மாலாவை எல்லாரும் பாட்டுக்காக நினைக்கிறார்கள். நான் அதை அளவைக்காக நினைக்கிறேன். அந்த நிகழ்ச்சி மக்களின் விருப்பத்தை அளக்க ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தராசுகளைப் பயன்படுத்தியது.

முதல் தராசு, கடிதம். ஆரம்பத்தில் ஏழு பாட்டை வரிசை இல்லாமல் போடுவார்கள். நேயர்கள் அவற்றை வரிசைப்படுத்தி எழுதி அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்தது. பிறகு வாரத்துக்கு 60,000-ஐத் தாண்டிவிட்டது. இருபது வயசுப் பையன் அறுபதாயிரம் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? போட்டியை நிறுத்திவிட்டு, பாட்டுகளை அவர்களே தரவரிசைப்படுத்தி, கடைசிப் படியிலிருந்து முதல் படி வரை ஏறி வரும் முறைக்கு மாறினார்கள். ‘பாய்தான்’ என்று அவர் சொல்வாரே, அந்தப் படிக்கட்டு 1954-ல் வந்தது இப்படித்தான்.

இரண்டாவது தராசு, இசைத்தட்டு விற்பனை. பல ஊர்க் கடைகளிலிருந்து இந்த வாரம் எது எத்தனை விற்றது என்று கணக்கு வாங்கினார்கள். அன்றைக்கு இருந்தது 78 சுற்று அரக்குத் தட்டு. கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆலையில் அச்சாகி வரும். பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷத்துச் சொச்சம். மேல்நாட்டில் பின்னாளில் வருஷத்தின் சிறந்த ஆல்பம் எது என்று ஓட்டுப் போட்டார்கள். நம்மிடம் வருஷத்தின் சிறந்த பாட்டு எது என்றுதான் ஓட்டு. அது ரசனை வேறுபாடு மட்டும் இல்லை. கையில் கிடைத்த தட்டில் எத்தனை பாட்டு அடங்கும் என்பதும் ஒரு காரணம்.

விற்பனைக் கணக்கு நாணயமானது மாதிரித் தெரியும். காசு பொய் சொல்லாது என்பார்கள். நாற்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், காசும் பொய் சொல்லும். நல்ல பாட்டின் தட்டு கடையில் தீர்ந்துபோனால் அந்த வாரம் அதன் விற்பனை பூஜ்யம். பிடிக்காமல் வாங்கவில்லையா, கிடைக்காமல் வாங்கவில்லையா என்று கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்காது. வேண்டியவர்களே மொத்தமாக வாங்கினால் இல்லாத செல்வாக்கும் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, தட்டு வாங்குகிறவன் வீட்டில் கிராமபோன் இருக்கிறது. தெருமுனை டீக்கடையில் நின்று கேட்கிறவனுக்கு இந்தத் தராசில் எடையே இல்லை.

ஆகவே மூன்றாவது தராசு வந்தது, நேயர் சங்கம். ‘ஷ்ரோதா சங்’ என்று பெயர். ஊர் ஊராக ரேடியோ கேட்பவர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, கூடிப் பேசி, தங்கள் பட்டியலை அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான சங்கங்கள். தனி ஆளின் கடிதத்தில் உள்ள ஆவேசமும், கடைக் கணக்கில் உள்ள ஓட்டையும் இதில் கொஞ்சம் சமப்படும். விற்பனையையும் சங்கங்களின் விருப்பத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பட்டியல் தயாரானது.

இன்னொரு நல்ல விதியும் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டு பல வாரம் பட்டியலில் நின்றுவிட்டால் அதற்கு ‘சர்தாஜ்’ என்று மகுடம் சூட்டி, மரியாதையோடு ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பழைய சரக்கு அலமாரியை அடைத்துக்கொண்டிருந்தால் புதுச் சரக்குக்கு இடம் ஏது?

இந்த இடத்தில் ஜும்ரி தலையாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். இன்றைய ஜார்க்கண்டில் கோடர்மா மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். அபிரக வியாபாரத்தால் ஒரு காலத்தில் செல்வம் கொழித்த இடம். பாட்டுக் கேட்டு அந்த ஊரிலிருந்து போன கடிதங்கள் எத்தனையோ! ரேடியோவில் ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், இப்படி ஓர் ஊரே கிடையாது, யாரோ கட்டிவிட்ட பெயர் என்று நினைத்தார்கள். டெல்லியும் பம்பாயும் கவனிக்காத ஊர், தபால் கார்டு ஒன்றினால் தேசம் முழுக்கத் தன் பெயரைச் சொல்ல வைத்தது. ஓட்டுரிமை என்றால் இதுவும்தானே?

வருஷாந்தரக் கணக்கு

வருஷக் கடைசியில் ஆண்டுப் பட்டியல் வரும். நமக்குத் தீபாவளிக்குப் புதுக் கணக்கு போடுவது மாதிரி, பாட்டுக்கு இது.

1953-ன் முதலிடம் ‘அனார்கலி’ படப் பாட்டுக்கு. இசை சி. ராமச்சந்திரா, பின்னால் 1958-ல் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்துக்கு இசையமைத்தாரே, அவரேதான். 1955-ல் ‘ஸ்ரீ 420’ படத்தில் ஜப்பான் செருப்புப் பாட்டு. 1961-ல் ‘ஸசுரால்’, இது மதராஸில் எல். வி. பிரசாத் தயாரித்த படம். 1966-ல் ‘சூரஜ்’, இயக்கம் டி. பிரகாஷ் ராவ், கதாநாயகி நம் வைஜெயந்திமாலா. 1967-ல் ‘மிலன்’, மறுபடி எல். வி. பிரசாத். இந்திப் பாட்டு என்றால் பம்பாய் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்த மூன்று வருஷத்தைக் கவனிக்கவும். தெற்கத்தி ஆட்களின் உழைப்பு அதில் கலந்திருக்கிறது.

1975-ன் முதலிடம் எது தெரியுமா? ‘ரோட்டி கப்டா அவுர் மகான்’ படத்தில் விலைவாசி ஏற்றத்தைப் பற்றி வரும் கவாலி. அந்தச் சமயத்து விலைவாசியை மளிகைக் கடை வைத்திருந்தவர்களும், சாமான் வாங்கப் போனவர்களும் மறந்திருக்க மாட்டார்கள். நெருக்கடி நிலை வந்த வருஷமும் அதுதான். பொதுத் தேர்தல் இல்லாத வருஷத்தில் ஜனங்கள் பாட்டுக்குப் போட்ட ஓட்டை இன்று எடுத்துப் பார்த்தால், அன்றைய வீட்டுக் கவலை அதில் எழுதியிருக்கிறது. கல்வெட்டைப் படிக்கிற மாதிரி இந்தப் பட்டியலையும் படிக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சாரதா பெற்ற வாக்கு

1966-ன் ‘சூரஜ்’ படத்தில் முதலிடம் பெற்றது முகமது ரஃபி பாடிய பாட்டு. அதே படத்தில் வண்ணத்துப்பூச்சியைப் பற்றி ஒரு பெண் பாடிய பாட்டும் நாடெங்கும் ஒலித்தது. பாடியவர் சாரதா ராஜன் ஐயங்கார், தமிழ்க் குடும்பத்துப் பெண். சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையரில் சங்கர் அவர் குரலைக் கேட்டுப் பாட வைத்தார். அதுவரை பிலிம்பேர் விருதில் பின்னணிப் பாடலுக்கு ஆண், பெண் என்று பிரிவு கிடையாது, ஒரே விருதுதான். ரஃபியின் பாட்டும் சாரதாவின் பாட்டும் வாக்கில் சமமாக நின்றன என்பது பரவலாகப் பதிவான செய்தி. விருது ரஃபிக்குப் போனது. ஆனால் அடுத்த முறையிலிருந்து, 1968 முதல், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி விருது என்று ஆயிற்று. சாரதா 2023-ல் காலமானார்.

அந்த வாக்கைப் போட்ட இந்திக்காரர்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் குரலில் ஒரு தெற்கத்தி வாடை இருந்தது. லதாவின் குரலுக்குப் பழகிய காதுக்கு அது புதுசு. இந்தப் பெண் எந்த ஊர், என்ன பாஷை, என்ன ஜாதி என்று அவர்கள் கேட்டுக்கொண்டு ஓட்டுப் போடவில்லை. பாட்டு பிடித்தது, போட்டார்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. இப்போது அந்த விஷயத்தைச் சொல்கிறேன்.

முள்ளைத் தொட்ட கதை

1976-ல் எனக்குப் பதினைந்து வயசு. பம்பாயில் எங்கப்பாவின் பாத்திரக் கடைக்குப் பின்னாலேயே வீடு. புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கடைப் படியில் பையன்கள் கூடிவிடுவார்கள். மராட்டி, குஜராத்தி, தமிழ், மலையாளம் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு பேர். நாங்களும் ஒரு சங்கம் என்று சொல்லிக்கொண்டு, வாரா வாரம் ஓட்டுப் போட்டு, வரிசைப்படி கார்டு எழுதி அனுப்புவோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுதும் வேலை எனக்கு.

அந்த வருஷம் ‘சித்சோர்’ படம் வந்தது. இசை ரவீந்திர ஜெயின், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பாடியவர் ஜேசுதாஸ். அந்தப் படத்தில் பாடியதற்காக அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இசையமைப்பாளர் ஜைனர், பாடகர் தெற்கத்தியர். இரண்டு பக்கமும் நம்ம ஆள். எனக்கு வேறென்ன வேணும்?

ஒரு வாரம் ஓட்டு எண்ணினோம். ‘கபி கபி’ படப் பாட்டுக்கு ஐந்து, ‘ஷோலே’வின் நட்புப் பாட்டுக்கு நாலு, ‘சித்சோர்’ பாட்டுக்கு மூன்று. ராத்திரி கார்டு எழுதும்போது ‘சித்சோரை’ முதலில் எழுதினேன். ஆறு, நாலு, இரண்டு என்று கணக்கையும் போட்டேன். கூட்டினால் பன்னிரண்டு சரியாக வரும். வியாபாரி மகன் அல்லவா!

ஓட்டுச் சீட்டும் கார்டும் கல்லாப் பெட்டி மேலேயே இருந்தன. காலையில் கடை திறந்த எங்கப்பா இரண்டையும் பார்த்துவிட்டார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. பித்தளையை எடைக்கு எடுக்கும்போது தராசு முள் அசைவு நிற்கிற வரை மூச்சு விடாமல் நிற்கிறவர். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “முள்ளைத் தொட்டுட்டியாடா?”

“பாட்டுதானேப்பா” என்றேன்.

“உனக்குப் புடிச்சா உன் ஓட்டைப் போடு. மத்தவன் ஓட்டை எடுத்து நீ போட்டா அதுக்குப் பேர் என்ன?”

அருங்கலச்செப்பு முதலான எங்கள் இல்லற நூல்கள், அளவையைக் குறைப்பதையும் கூட்டுவதையும் களவின் பாற்பட்ட குற்றமாகத்தான் எண்ணுகின்றன. பொருளை எடுத்தால்தான் திருட்டு என்றில்லை. அதை அவர் நூல் பெயர் சொல்லி விளக்கவில்லை. அவர் படித்தவரும் இல்லை. கார்டைக் கிழித்துப் போட்டார். சாயங்காலம் பதினோரு பையன்கள் முன்னால் நடந்ததைச் சொல்லி, புதுக் கார்டு எழுதச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கார்டு மழையில் நனைந்துவிட்டது, அதனால் புதுசு எழுதுகிறேன் என்று சொன்னேன். சரியான கணக்கைத்தான் எழுதினேன். ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. எங்கப்பா அதன் பிறகு கேட்கவும் இல்லை. கேட்காததுதான் உறுத்தல்.

அந்த வருஷ முதலிடம் ‘கபி கபி’ பாட்டுக்கே போனது. என் திருட்டு ஓட்டு போயிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ரவீந்திர ஜெயினுக்கும் என் உதவி தேவைப்படவில்லை. இரண்டே வருஷத்தில், 1978-ல், ‘அங்கியோன் கே ஜரோக்கோன் ஸே’ படத்தில் ஹேமலதா பாடிய பாட்டுக்கு ஆண்டின் முதலிடம் வாங்கினார். ஊர் பார்க்காத, ஜாதி பார்க்காத ஜனங்கள் கொடுத்தது அது.

முடிவாக

எண்பதுகளில் கேசட் வந்தது. நகல் கேசட் தெருவெல்லாம் கிடைத்தபோது விற்பனைக் கணக்கு என்ற தராசுக்கு அர்த்தம் குறைந்துபோனது. பிறகு தொலைக்காட்சி வந்தது. கீத்மாலா 1989-ல் விவித் பாரதிக்கு மாறி, 1994-ல் நின்றது. அமீன் சயானிக்கு 2009-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாட்டை அடக்கப் பார்த்த அதே அரசு வானொலி 1957-லேயே விவித் பாரதியைத் தொடங்கி அந்தப் பாட்டுக்கு வாசல் திறந்துவிட்டது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் மதத்தில் அநேகாந்தவாதம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளுக்குப் பல பக்கம். ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு முழுதும் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது. கடிதம் ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம், சங்கத்து ஓட்டு ஒரு பக்கம். எந்தத் தராசும் முழு உண்மையைக் காட்டாது. கீத்மாலா கடைசி வரை தராசைத் திருத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் ஜனங்கள் நம்பினார்கள்.

நம் சங்கத்திலும் வருஷா வருஷம் பொங்கல் விழாவில் பாட்டுப் போட்டி வைக்கிறோம். கை தூக்கச் சொன்னால் அவரவர் வீட்டுப் பிள்ளைக்கு, அவரவர் ஊர்க்காரர் பிள்ளைக்குக் கை தூக்குகிறோம். வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு அந்தப் பாசம் இயற்கை; அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நம்மைத் தெரியாத ஜனங்கள் 1966-ல் ஒரு தமிழ்ப் பெண்ணின் பாட்டுக்குக் காது கொடுத்து வாக்களித்தார்கள் என்பதை மட்டும், கை தூக்கும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினோரு பேரில் சிலர் இன்றும் இதே நகரத்தில் இருக்கிறார்கள். இந்த மலரின் பிரதியைக் கொண்டுபோய், தமிழ் தெரியாதவர்களுக்கு நானே படித்துக் காட்டுவதாக இருக்கிறேன். கார்டு மழையில் நனையவில்லை.